மோசே எழுதவில்லை என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லலாமா?

கேள்வி: ஞாயிறு வகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பங்கில் உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் விவிலிய வகுப்பு எடுத்து வருகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் நோவாவின் பகுதியைப் பிள்ளைகள் மாறிமாறி உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் வாசிப்பை நிறுத்திவிட்டு, "டீச்சர், 6ஆம் அதிகாரத்தில் எல்லா உயிரினத்திலும் ஒவ்வொரு சோடி என்று இருக்கிறது, 7ஆம் அதிகாரத்தில் தக்க விலங்குகளில் ஏழு சோடி என்று இருக்கிறது, நோவா எதைக் கேட்டார்?" என்றாள். மறைமாவட்டப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்தது நினைவிருந்ததால், இது இரண்டு மரபுகளைச் சேர்த்துப் பின்னிய பகுதி என்றும், முதல் ஐந்து நூல்களையும் மோசே ஒருவரே உட்கார்ந்து எழுதினார் என்று இன்றைய விவிலிய அறிஞர்கள் கொள்வதில்லை என்றும் விளக்கினேன்.

செய்தி எங்கள் வீட்டுக்கு எனக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. என் பெரியப்பா எழுபது வயதைக் கடந்தவர். நாள்தோறும் விவிலியம் வாசிப்பவர். அவர் தம்மிடமிருந்த பழைய ஆங்கில விளக்க நூலை எடுத்து, 1906-இல் உரோமையின் விவிலியப் பணிக்குழு மோசேயே ஆசிரியர் என்ற மரபைக் காத்து வழங்கிய தீர்ப்பைக் காட்டினார். "நீ சொல்வது எந்தத் திருச்சபையின் போதனை? உரோமை ஒரே காரியத்தில் இரண்டு பேச்சுப் பேசுமா?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அவர் கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கலங்கிப்போய்க் கேட்டார் என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

1906-இல் சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் இடையில் நடந்தது என்ன? ஒரு நூல் எந்தக் காலத்தில், யாரால், எந்த மூலங்களிலிருந்து உருவானது என்று ஆராயும் இந்த வரலாற்றுத் திறனாய்வு முறையைத் திருச்சபை மனமுவந்து ஏற்றுக்கொண்டதா, வேறு வழியின்றிப் பொறுத்துக்கொண்டதா? நோவாவிடம் தொடங்கும் இந்தக் கேள்வி நாளை உயிர்த்த இயேசுவின் வெறுமையான கல்லறை வரை போய்விடாதா என்று பெரியப்பா கேட்டதற்கும் விடை தேடுகிறேன். படித்தவர்கள் உதவ வேண்டும்.

மறுமொழி 1: பழைய குருமட மாணவன்

சகோதரி, உங்கள் மாணவி கேட்டது சின்னக் கேள்வி அல்ல. 1678-இல் பாரிசில் ரிச்சர்டு சிமோன் என்ற கத்தோலிக்கக் குரு இதையொத்த கேள்விகளை எழுப்பி, பழைய ஏற்பாட்டின் திறனாய்வு வரலாறு என்ற நூலை அச்சிட்டார். ஆயர் பொசுவே தலையிட்டு அதன் படிகளை அழிக்கச் செய்தார், சிமோனைத் துறவற அமைப்பிலிருந்தும் நீக்கினார்கள். 1753-இல் ழான் அஸ்த்ருக் என்ற மருத்துவர், தொடக்கநூலில் கடவுளைக் குறிக்க இரு வேறு பெயர்கள் வருவதைப் பின்பற்றி, இரு மூல ஏடுகளைப் பிரித்துக் காட்ட முயன்றார். மோசேயே பழைய ஏடுகளைக் கையாண்டார் என்பதுதான் அவருடைய கருத்து. மோசேயை மறுப்பதற்காக அவர் எழுதவில்லை. கத்தோலிக்கருக்கும் இந்த ஆய்வுக்கும் உள்ள உறவு ஏதோ நேற்று ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கியது என்று பலர் எண்ணிக்கொண்டிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

உரைக்குள்ளேயே கொஞ்சம் நிற்போம். தொடக்கநூல் 7:16-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வசனத்தின் முற்பகுதியில் "கடவுள்" கட்டளையிட்டபடி உயிரினங்கள் பேழைக்குள் போகின்றன. பிற்பகுதியில் "ஆண்டவர்" நோவாவை உள்ளே விட்டுக் கதவை மூடுகிறார். எபிரேயத்தில் முன்னது ஏலோகிம், பின்னது யாவே என்று வாசிக்கப்படும் நான்கெழுத்துத் திருப்பெயர். இதே வேறுபாட்டை வைத்துக்கொண்டு இரு அதிகாரங்களையும் வாசித்தால், "கடவுள்" என்று சொல்லும் வசனங்களில் ஒவ்வொரு சோடியும், "ஆண்டவர்" என்று சொல்லும் வசனங்களில் ஏழு சோடியும் வருவதைக் காண்பீர்கள். மழை நாற்பது நாள் பெய்தது என்ற கணக்கும், வெள்ளம் நூற்றைம்பது நாள் நிலைத்திருந்தது என்ற கணக்கும் அதேபோல் பிரிகின்றன. ஏழு சோடிக்குக் காரணமும் உண்டு: வெள்ளம் வடிந்தபின் 8:20-இல் நோவா ஆண்டவருக்குப் பலிபீடம் கட்டித் தக்க விலங்குகளை எரிபலியாகச் செலுத்துகிறார், ஒரே சோடிதான் இருந்திருந்தால் அந்தப் பலியோடு அந்த இனமே அற்றுப்போயிருக்கும். மற்ற மரபோ, சீனாய் மலையில் வழிபாட்டு முறை அருளப்படும் முன் எவரும் பலி செலுத்தியதாகக் காட்டுவதே இல்லை, ஆகவே அதற்கு ஒரு சோடி போதும். இதைச் சேர்த்து அமைத்தவர் இரண்டில் ஒன்றைத் திருத்தி மற்றதோடு ஒட்டவைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் இரண்டையும் காத்துத் தந்தார். அந்த மதிப்பை நினைக்கும்போது எனக்கு இந்தப் பகுதியின் மேல் பக்தி கூடுகிறதே ஒழியக் குறையவில்லை.

இனி 1906-க்கு வருவோம். பெரியப்பாவிடம் அந்தத் தீர்ப்பை முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். அதில் நான்கு வினாக்களும் நான்கு விடைகளும் உண்டு. முதல் விடை, மோசே ஆசிரியர் அல்லர் என்று சொல்ல அதுவரை கொண்டுவரப்பட்ட வாதங்களுக்குப் போதிய வலிமை இல்லை என்கிறது. அடுத்த மூன்று விடைகளும் கதவைத் திறந்தே வைக்கின்றன: மோசே எல்லாவற்றையும் தம் கையால் எழுதவோ சொல்லி எழுதுவிக்கவோ வேண்டியதில்லை, எழுத்திலோ வாய்மொழியிலோ இருந்த முன்னைய மூலங்களை அவர் பயன்படுத்தியிருக்கலாம், அவர் இறந்தபின் சேர்க்கைகளும் விளக்கக் குறிப்புகளும் நுழைந்திருக்கலாம். "இடைச்செருகல்" என்றும் "பாடபேதம்" என்றும் நம் ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்கள் சொல்லிப் பழகிய செய்திகளை அந்தக் கடுமையான ஆண்டுகளிலும் உரோமை மறுக்கவில்லை. இணைச்சட்டத்தின் கடைசி அதிகாரம் மோசேயின் இறப்பையே விவரிக்கிறது. தொடக்கநூல் 36:31 இஸ்ரயேலில் அரசர்கள் ஆண்டதை அறிந்த ஒருவரின் குரலில் பேசுகிறது. இவற்றை எந்தக் காலத்து வாசகரும் கவனித்தே வந்திருக்கிறார்கள்.

ஆயினும் அந்த ஆண்டுகள் கடுமையானவைதாம். பிரான்சில் அல்பிரேட் லுவாசி என்ற குரு 1902-இல் வெளியிட்ட நூலில், இயேசு அறிவித்தது இறையாட்சி, வந்ததோ திருச்சபை என்று எழுதினார். அவர் சொல்லவந்ததை இன்று நிதானமாக வாதிடலாம். அன்று அது தீயாகப் பரவியது. 1907 ஜூலையில் 65 கூற்றுகளைக் கண்டனம் செய்த ஆணையும், செப்டம்பரில் நவீனவாதத்துக்கு, அதாவது புதிய ஆய்வுகளுக்கு ஏற்ப விசுவாசத்தையே மாற்றப் பார்ப்பதாக உரோமை கண்ட போக்குக்கு, எதிரான திருத்தந்தை பத்தாம் பயசின் சுற்றுமடலும் வந்தன. 1908-இல் லுவாசி திருச்சபை விலக்கம் பெற்றார். 1910 முதல் குருக்கள் அனைவரும் நவீனவாத எதிர்ப்பு உறுதிமொழி எடுக்க வேண்டியதாயிற்று. அது 1967 வரை நீடித்தது.

நெருப்பு பட்டது குற்றவாளிகளை மட்டும் அன்று. தொமினிக்கன் துறவி மரி-ஜோசப் லக்ராஞ்சு 1890-இல் எருசலேமில் விவிலியப் பள்ளியைத் தொடங்கியபோது, வகுப்பு நடந்த இடம் முன்னாள் இறைச்சிக் கொட்டில். விலங்குகளைக் கட்டிவைக்கும் இரும்பு வளையங்கள் சுவரிலேயே இருந்தன. அங்கிருந்துகொண்டு நிலத்தையும் கல்வெட்டுகளையும் மொழிகளையும் கற்று மறைநூலை வாசிக்க வேண்டும் என்று அவர் கற்பித்தார். தொடக்கநூலுக்கு அவர் எழுதிய விளக்கவுரையை வெளியிட இசைவு கிடைக்கவே இல்லை. 1912-இல் அவருடைய நூல்கள் சில குருமடங்களில் தடை செய்யப்பட்டன. அவரும் எருசலேமை விட்டுப் பிரான்சு சென்று அடுத்த ஆண்டு திரும்பினார். அவர் திருச்சபையை விட்டு வெளியேறவும் இல்லை, ஆய்வை விட்டுவிடவும் இல்லை. நான்கு நற்செய்திகளுக்கும் விளக்கவுரை எழுதி முடித்து 1938-இல் இறந்தார். என் ஆசிரியர்களில் ஒருவர் இந்தப் பகுதியை வகுப்பில் சொல்லும்போது ஒருமுறை குரல் தழுதழுத்து நிறுத்திவிட்டார். அது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

திருப்பம் 1943-இல் வந்தது. செப்டம்பர் 30, விவிலியத்தை இலத்தீனுக்கு மொழிபெயர்த்த புனித எரோனிமுசின் திருநாள். உரோமை நகரம் ஜெர்மன் படையின் பிடியில் இருந்த நாட்கள். அந்த நாளிட்டுத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல், மூல மொழிகளிலிருந்தே விளக்கம் தொடங்க வேண்டும் என்றும், பண்டைய கீழ்த்திசை மக்கள் எந்தெந்த இலக்கிய வகைகளில் பேசினார்கள் என்று ஆராயாமல் மறைநூல் ஆசிரியர் சொல்ல வந்ததை அறிய முடியாது என்றும் சொன்னது. இத்தகைய உழைப்பாளர்களின் முயற்சியை நீதியோடு மட்டும் அன்றி மிகுந்த அன்போடும் மதிப்பிட வேண்டும் என்றும் அது கேட்டுக்கொண்டது. லக்ராஞ்சு உயிரோடிருந்து அந்த வரியை வாசித்திருக்கலாகாதா என்று எனக்குத் தோன்றும்.

1948 ஜனவரியில் பாரிஸ் பேராயர் கர்தினால் சுஆருக்கு அதே விவிலியப் பணிக்குழு எழுதிய மடல்தான் உங்கள் பெரியப்பாவுக்கு நேர் விடை. முதல் ஐந்து நூல்களுக்கு மூலங்கள் இருந்ததை இன்று ஐயுறுவோர் எவரும் இல்லை, பிற்காலச் சமூக, சமயச் சூழல்களால் மோசேயின் சட்டங்கள் படிப்படியாக வளர்ந்ததையும் மறுப்போர் இல்லை என்று அது சொல்கிறது. 1906-இல் பேசிய அதே வாய் நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின் பேசியது இது.

மறுமொழி 2: கோட்டாற்று வாசகர்

முந்தைய மறுமொழியை இருமுறை வாசித்தேன். அதில் உள்ள செய்திகளை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு செய்தி விடுபட்டிருக்கிறது. 1907 நவம்பரில் பத்தாம் பயஸ், விவிலியப் பணிக்குழுவின் தீர்ப்புகளுக்கு எல்லாரும் மனச்சான்றில் கட்டுப்பட்டவர்கள் என்று தம் சொந்த ஆணையால் அறிவித்தார். மனச்சான்றில் கட்டுப்படுத்திய ஒன்றை ஒரு மடலால் மென்மையாகக் கடந்துவிட்டால், எளிய விசுவாசி எதைப் பற்றிக்கொள்வான்? சகோதரியின் பெரியப்பாவினுடைய கலக்கம் என்னுடையதும்தான்.

இரண்டாவது, இந்த ஆய்வு அறிஞர்களின் மேசையில் இருக்கும்வரை எனக்கு அச்சமில்லை. பலிபீடத்தருகே வரும்போது என்ன ஆகிறது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஒரு ஞாயிறு, ஐயாயிரம் பேருக்கு அப்பம் அளித்த நற்செய்தி. மறையுரை வைத்த இளங்குரு, மக்கள் தங்கள் மடியில் மறைத்து வைத்திருந்த உணவை இயேசுவின் முன்மாதிரியைக் கண்டு எடுத்துப் பகிர்ந்துகொண்டார்கள், அந்த மனமாற்றமே புதுமை என்றார். எனக்கு முன் வரிசையில் அமர்ந்திருந்த வயதான அம்மா ஒருவர், கணவரின் நோய்க்காக ஒன்பது வாரம் நவநாள் செய்துகொண்டிருந்தவர், திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்து, "அப்போ ஆண்டவர் ஒண்ணும் செய்யலையாப்பா?" என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன யோசேப் இராட்சிங்கர், கர்தினாலாக இருந்தபோது 1988 ஜனவரியில் நியூயார்க்கில் ஆற்றிய உரையை இங்கே எல்லாரும் தேடி வாசிக்க வேண்டும். திறனாய்வு செய்கிறவர்கள் தங்களையும் திறனாய்வு செய்துகொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். கடவுள் வரலாற்றில் செயலாற்ற முடியாது என்ற முடிவை ஒருவர் முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால், அவர் கண்டுபிடிப்பது உரையிலிருந்து வந்ததா, அந்த முன்முடிவிலிருந்து வந்ததா என்று அவர் கேட்டார். இதற்கு நேர்மையான பதில் கிடைத்தால் நானும் சகோதரியின் வகுப்பில் வந்து அமர்ந்துகொள்கிறேன்.

மறுமொழி 3: விவிலியம் கற்பிக்கும் அருள்சகோதரி

கோட்டாற்று ஐயாவுக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அந்த அம்மாவின் கேள்வி என்னை உறங்கவிடாது.

அந்த மறையுரை வரலாற்றுத் திறனாய்வின் விளைவு அன்று. அந்த முறையை மீறியதன் விளைவு. நற்செய்தி ஆசிரியர் தம் வாசகர்களுக்கு எதைச் சொல்ல எண்ணினார் என்று கேட்பதே இம்முறையின் முதல் கேள்வி. மாற்கு 6ஆம் அதிகாரத்தில் மடியில் மறைத்த உணவு எங்கே இருக்கிறது? ஒரு சொல்கூட இல்லை. இருப்பது வேறொன்று: 2 அரசர்கள் 4ஆம் அதிகாரத்தின் முடிவில் எலிசா இருபது வாற்கோதுமை அப்பங்களை நூறு பேருக்குக் கொடுக்கச் சொல்கிறார், "இது எப்படிப் போதும்?" என்று பணியாளர் கேட்கிறார், எல்லாரும் உண்டபின் மீதியும் இருக்கிறது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஐந்து அப்பம், ஐயாயிரம் பேர், பன்னிரண்டு கூடை மீதி என்று சொல்லும்போது, எலிசாவிலும் பெரியவர் இங்கே இருக்கிறார் என்பதைத்தான் ஆசிரியர் சொல்கிறார். அவர் ஆண்டவரின் செயலைப் பற்றிப் பேசுகிறார். மக்களின் பெருந்தன்மையைப் பற்றி அன்று. ஆகவே அந்த அம்மாவிடம், "ஆண்டவர் செய்தார் என்றுதான் மாற்கு எழுதியிருக்கிறார்" என்று நீங்கள் தயங்காமல் சொல்லியிருக்கலாம் ஐயா.

வெறுமையான கல்லறை பற்றியும் கேட்கப்பட்டது. 1 கொரிந்தியர் 15-இல், தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்படைத்ததாகப் பவுல் சொல்லி, கிறிஸ்து இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார், கேபாவுக்கும் (பேதுருவுக்கும்) பின்னர் பன்னிருவருக்கும் தோன்றினார் என்று அடுக்குகிறார். அந்தச் சொற்கள் பவுலுடைய வழக்கமான நடையில் இல்லை. மனப்பாடமாகக் கைமாற்றப்பட்ட வாய்பாடு அது என்பதையும், கி.பி. 50-களில் எழுதப்பட்ட அந்த மடலைவிட அது பழமையானது என்பதையும் நமக்குத் துலக்கிக் காட்டியது இதே திறனாய்வு முறைதான். உயிர்ப்பின் அறிக்கை பிற்காலத்தில் வளர்ந்த கதை என்போருக்கு இதைவிட வலுவான மறுப்பை நான் அறியேன்.

தொடக்கநூலின் முதல் பதினொரு அதிகாரங்களும் உயிர்ப்பின் சான்றுகளும் ஒரே இலக்கிய வகை அல்ல. நமக்கு இது புதிதும் அன்று. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அட்டு உண்பதைப் படிக்கும் எந்தத் தமிழரும் அதைச் செய்தியறிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்காகக் குலோத்துங்கனின் படை கலிங்கத்தின் மேல் சென்றதே பொய் என்றும் சொல்வதில்லை. பரணி எப்படிப் பேசும் என்று தெரிந்திருப்பதால் ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் வைத்து வாசிக்கிறோம். எபிரேயருக்கும் அத்தகைய வகைகள் பல இருந்தன. அவற்றை நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதே 1943-இன் சுற்றுமடல் கேட்பது.

மனச்சான்றின் கட்டுப்பாடு பற்றி ஐயா எழுப்பியது நியாயமான கேள்வி. 1955-இல் பணிக்குழுவின் செயலரே, விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடாத பகுதிகளில் அந்தப் பழைய தீர்ப்புகளைப் பொறுத்தவரை அறிஞர்களுக்கு முழு உரிமை உண்டு என்று விளக்கினார். நீங்கள் மேற்கோள் காட்டிய அதே கர்தினால் இராட்சிங்கர் 1990-இல், நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த நவீனவாத எதிர்ப்பு முடிவுகளை, குறிப்பாக விவிலியப் பணிக்குழுவின் முடிவுகளை, அந்தந்தக் காலத்தின் மேய்ப்புப்பணித் தேவைக்கான தற்காலிக ஏற்பாடுகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். அவற்றின் உள்ளீடு நிலைக்கிறது, சூழல் சார்ந்த நுணுக்கங்கள் திருத்தம் பெறலாம் என்பது அவர் கருத்து. கடலில் புயல் வீசும்போது பாயை இறக்குகிறவர் பயணத்தையே கைவிட்டவர் ஆகமாட்டார். ஆனால் அந்தப் பாய் இறங்கியிருந்த ஆண்டுகளில் நல்ல மனிதர்கள் சிலர் காயப்பட்டார்கள் என்பதையும் நாம் ஒளிக்கக்கூடாது.

காயம் 1943-ஓடு நிற்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் உரோமை விவிலிய நிறுவனத்தின் பேராசிரியர்கள் இருவர், இயேசு சபையின் லியோனே, செர்விக் ஆகியோர், பாடம் நடத்தத் தடை பெற்றார்கள், 1964-இல்தான் திரும்பினார்கள். அதற்கிடையில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கூடி, 1962 நவம்பரில் இறைவெளிப்பாடு பற்றிய முதல் வரைவு முன்வைக்கப்பட்டது. பழைய அச்சத்தின் மொழியில் எழுதப்பட்ட வரைவு அது. விவாதத்தை நிறுத்தலாமா என்று வாக்கெடுத்தபோது சங்கத் தந்தையரான ஆயர்களில் 1368 பேர் நிறுத்தலாம் என்றும் 822 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தனர். மூன்றில் இரண்டு பங்கு எட்டாததால் விதிப்படி அதே வரைவு தொடர வேண்டும். ஆனால் மறுநாளே திருத்தந்தை இருபத்திமூன்றாம் யோவான் அதைத் திரும்பப் பெற்றுப் புதிய குழுவிடம் ஒப்படைத்தார். மூன்று ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதியபின், 1965 நவம்பர் 18 அன்று அந்தக் கொள்கைத் திரட்டு 2344 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்தவர்கள் ஆறே பேர். வேறு வழியின்றிப் பொறுத்துக்கொண்டதா என்ற கேள்விக்கு இந்த எண்ணிக்கையைத்தான் நான் பதிலாகத் தருவேன்.

அந்தத் திரட்டின் 12ஆம் எண்ணை வாசிக்கும்போது இரு பாதிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். முற்பாதி இலக்கிய வகைகளையும் ஆசிரியரின் கருத்தையும் தேடச் சொல்கிறது. பிற்பாதி, எந்த ஆவியாரால் எழுதப்பட்டதோ அதே ஆவியாரில், மறைநூல் முழுமையின் ஒருமையையும் திருச்சபையின் உயிருள்ள மரபையும் கருதி வாசிக்கச் சொல்கிறது. என் மாணவர்களில் கெட்டிக்காரர்கள் முற்பாதியோடு நின்றுவிடுகிறார்கள், பக்திமான்கள் பிற்பாதிக்குத் தாவிவிடுகிறார்கள். இருவருக்கும் ஆண்டுதோறும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1993-இல் பணிக்குழு வெளியிட்ட ஆவணமும் இந்த முறை பண்டைய நூல்களின் பொருளை அறிவியல் நோக்கில் ஆராய இன்றியமையாதது என்கிறது. அது மட்டுமே போதும் என்று சொல்லவில்லை. சொல்லுக்குச் சொல் அப்படியே என்று அடம்பிடிக்கும் அடிப்படைவாத வாசிப்பைத்தான் அது மிகக் கடுமையாக எச்சரிக்கிறது. திருத்தந்தையாகி 2007-இல் இயேசுவைப் பற்றி எழுதிய நூலின் முன்னுரையில் பதினாறாம் பெனடிக்டும் இம்முறை தவிர்க்க முடியாதது என்றே தொடங்கி, அதன் எல்லைகளைப் பிறகு சொல்கிறார். தம் நூலை மறுத்துப் பேச எவருக்கும் உரிமை உண்டு என்றும் எழுதினார்.

ஆசிரியை அவர்களுக்கு ஒரு வார்த்தை. "மோசே எழுதவில்லை" என்று தொடங்காதீர்கள். பிள்ளைகள் அந்த மறுப்பை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மோசேயிடமிருந்து தொடங்கிய மரபை இஸ்ரயேல் மக்கள் பல தலைமுறைகள் சுமந்து, அடிமைத்தனத்திலும் நாடுகடத்தலிலும் அதைத் தங்கள் உயிராகக் காத்து எழுதினார்கள் என்று சொல்லுங்கள். மூலங்களின் எண்ணிக்கை, காலம் ஆகியவற்றில் அறிஞர்கள் இன்றும் ஒருவரோடு ஒருவர் மாறுபடுகிறார்கள். அந்த விவரங்களைப் பதினான்கு வயதுக்குத் திணிக்க வேண்டாம்.

மறுமொழி 4: தென்னிந்தியத் திருச்சபைக்காரர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீடுகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் அதே 7:16-இல் "தேவன்" கட்டளையிடுகிறார், "கர்த்தர்" கதவை அடைக்கிறார். சிறுவயதிலிருந்து வாசித்தும் இந்தத் திரியைப் பார்க்கும்வரை நான் அதைக் கவனித்ததில்லை. இரு சபையாரும் சேர்ந்து உழைத்து 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலும் அந்த வேறுபாட்டைக் காத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்திலும் இந்தச் சண்டை உண்டு. மோசேயைத் தொட்டால் கிறிஸ்துவையே தொட்டதுபோல் கொதிக்கிறவர்கள் எங்களிடமும் இருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்: ஞாயிறு வகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. கோட்டாற்று ஐயா எழுதியதை முதலில் பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். தம் பக்கம் பேச ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தபின்தான் மற்றவற்றைக் கேட்கும் மனம் அவருக்கு வந்தது. 1906-இன் நான்கு விடைகளையும் அவருடைய நூலிலேயே தேடினோம். அதில் முதல் விடை மட்டும் முழுமையாக இருந்தது, மற்ற மூன்றும் ஒரு வரியில் முடிந்துவிட்டன. அதைக் கண்டு அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு நோவாவின் மூன்று அதிகாரங்களையும் எடுத்து, "கடவுள்" வரும் இடங்களில் நீலப் பென்சிலாலும் "ஆண்டவர்" வரும் இடங்களில் சிவப்புப் பென்சிலாலும் இருவருமாகக் கோடிட்டோம். 7:16-க்கு வந்ததும் பென்சிலை மாற்ற வேண்டியிருந்தது. "கதவை மூடினது ஆண்டவர்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் மேலே வாசித்தார். மோசே எழுதவில்லை என்பதை அவர் ஏற்றுக்கொண்டார் என்று நான் சொல்லமாட்டேன். லக்ராஞ்சு பற்றித் தமிழில் ஏதேனும் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்.

நேற்று இரவு பத்து மணிக்குமேல் அவரே தொலைபேசியில் அழைத்தார். தொடக்கநூல் 37-ஐ வாசித்துக்கொண்டிருந்தாராம். யோசேப்பை எகிப்துக்குக் கொண்டுபோனவர்கள் ஓரிடத்தில் இஸ்மயேலர் என்றும் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் மிதியானியர் என்றும் இருக்கிறது, இதிலும் இரண்டு ஏடுகள் உண்டா என்று கேட்டார். அந்த மாணவியிடமும் இதைக் காட்டச் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எவரேனும் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விளக்கினால் உதவியாக இருக்கும்.